அண்ணனின் ரோஜாத் தொட்டிகள்

அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத வேண்டும் என்று மதினி என்னிடம் கேட்டுக்கொண்டபோது, கூடவே ஒரு கட்டளையும் போட்டார்கள். "பொறந்தது, படிச்சது, சபைக்குச் செஞ்சது எல்லாத்தையும் எழுது. அந்த ரோசாச் செடியப் பத்தி மட்டும் எழுதிராத. சனங்க சிரிக்கும்" என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் செடியை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை என்று. மதினி என்னை மன்னிக்க வேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அண்ணன் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார்கள்.

அண்ணன், சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிச் செம்மணல் தொடங்கும் ஒரு சிற்றூரில், ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் மூத்த மகனாகப் பிறந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர் மட்டும்தான். எனக்கும் அண்ணனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். நான் பிறந்தபோது அண்ணன் உயர்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா மாரடைப்பால் திடீரென்று காலமானார்கள். அடக்கம் முடிந்த கையோடு அண்ணன் விடுதியைக் காலி செய்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா எவ்வளவோ சொல்லியும் மறுபடி கல்லூரிப் பக்கம் போகவில்லை. தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அண்ணன் விட்ட படிப்பை எடுத்துத்தான் நான் ஆசிரியையானேன். இதை நான் சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். "அப்ப பரீட்சைய நானா எழுதுனேன்? போளா அங்கன" என்று என் வாயை அடைத்துவிடுவார்கள். இப்போது அடைக்க ஆள் இல்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

உப்பளத்து வேலையைப் பற்றித் தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சுவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோய்விடும், அடியில் உப்பு தங்கும். பாத்தி ஒழுகக் கூடாது. தண்ணீரை அளவாக விட வேண்டும். மழை மட்டும் வந்துவிடவே கூடாது. தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். அண்ணனின் வேலைக் காலம் முழுவதும் அந்தக் குழாயோடும் அந்த வெயிலோடும் கழிந்தது. உதவியாளாகச் சேர்ந்த அண்ணன் பின்னால் கணக்கப்பிள்ளையாகவே ஆனார்கள். உப்பு வாரும் பெண்கள் மதியம் ஒதுங்க நிழல் இல்லாமல் இருந்ததைப் பார்த்து, முதலாளியிடம் விடாமல் பேசி ஓலைக் கொட்டகை ஒன்று போட வைத்தார்கள். குடிதண்ணீர்ப் பானை காலியாகிவிட்டால் யாரையும் ஏச மாட்டார்கள். தாங்களே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வேலையை விட்டு வரும்போது செருப்பைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். "அளத்து உப்பு மொதலாளிக்கு உள்ளது" என்பார்கள். உப்பளத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் கடைசிவரை கடை உப்புதான். மதினிக்கு இது ஆரம்பத்தில் பெரிய வெட்கமாக இருந்ததாம். மதினி நாசரேத்துக்காரர்கள். அண்ணனை அத்தான் என்றுதான் அழைப்பார்கள். பேச்சில் எங்கள் குடும்பத்தில் யாரும் மதினியை ஜெயித்தது கிடையாது, அண்ணன் உட்பட.

இனி ரோஜாவுக்கு வருகிறேன். அது ஒரு பூசணிக்காயில் ஆரம்பித்தது.

எங்கள் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் நிலத்திலும் வீட்டிலும் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். எங்கள் ஊரில் அப்பா முருங்கைக்காய்க் கட்டையும் அம்மா வளர்த்த சேவலையும் கொண்டுபோவார்கள். தூத்துக்குடியில் அண்ணனுக்கு நிலமுமில்லை, சேவலுமில்லை. கல்யாணமாகி வந்த முதல் பண்டிகைக்குப் பட்டணத்தில் எல்லோரும் செய்வதுபோல மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காயை வாங்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். ஏலத்தில் அதைத் தூக்கிக் காட்டியபோது, காய்கறிக்கடை வைத்திருக்கும் சபையார் ஒருவர் கூட்டத்திலிருந்து, "அண்ணாச்சி, இது நேத்து எங்கடையில நீங்க எடுத்ததுல்லா? நல்லா வெளஞ்சிருக்கே!" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனிமே நம்ம கையால வெளஞ்சது இல்லாம எதையும் கொண்டு போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் இப்படிச் சாதாரணக் குரலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அதை அசைக்க முடியாது.

அந்த நாட்களில்தான் தெருவில் செடி வண்டி வந்தது. மைக் வைத்துக் கூவிக்கொண்டு வருவார்களே, அந்த வண்டி. ஒவ்வொரு செடியிலும் நாலைந்து பூக்கள் சிரித்துக்கொண்டிருக்கும். மதினி ஆசைப்பட்டு ஒரு ரோஜாச் செடி வாங்கினார்கள். வழக்கம்போல இருந்த பூக்கள் உதிர்ந்தன, இலைகள் ஓரம் கருகின, அந்த மாதத்துக்குள்ளேயே செடி குச்சியாகிவிட்டது. மதினி குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அண்ணன் அதைக் குப்பையிலிருந்து எடுத்துவந்து வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இத வெளைய வச்சிரணும்ளா" என்றார்களாம். பண்டிகை மேசையில் தன் கையால் வளர்த்த ரோஜா ஒன்றை வைக்க வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது. கடைசிவரை விடவில்லை.

முருங்கை வைக்கலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன். "முருங்கை தானா வளரும். அதுல நம்ம கை எங்கன இருக்கு?" என்று கேட்டார்கள். எலுமிச்சையும் வேண்டாம், கறிவேப்பிலையும் வேண்டாம். உப்புக் காற்று வீசுகிற ஊரில், கம்பி ஜன்னலே இரண்டு வருடத்தில் உதிர்கிற ஊரில், ரோஜாதான் வேண்டும்!

மொட்டைமாடியில் தொட்டிகள் வரிசையாக ஏறின. ரோஜாவுக்கு என்னென்ன போடலாம் என்று யார் எதைச் சொன்னாலும் அண்ணன் செய்தார்கள். முட்டை ஓடு போட்டார்கள். டீத்தூள் போட்டார்கள். வெங்காயச் சருகை ஊறவைத்து ஊற்றினார்கள். தருவைகுளத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவர் மீன் கழுவிய தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட்டுப் போக, அதையும் ஊற்றினார்கள். தெருவிலுள்ள பூனைகளெல்லாம் மாடிக்கு வந்து தொட்டியைத் தோண்டிப் பார்த்தன. செடிகள் மட்டும் அசையவில்லை. புதுச் செடி வந்த புதிதில் ஒரு தளிர் விடும். அண்ணன் எனக்குப் போன் போட்டு அதைச் சொல்வார்கள். கொஞ்ச நாளில் இலை ஓரம் கருகத் தொடங்கும். அப்போது போன் வராது. போன் வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன்.

இதற்கிடையே வீட்டில் தண்ணீர்ச் சண்டை வேறு. மாநகராட்சிக் குழாயில் நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வந்த தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, சமையலுக்கு இது, குடிக்க இது என்று மதினி வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். அண்ணன் அதிலிருந்து ஒரு செம்பு மொண்டுவிட்டால் போதும். "மாடியில கள்ளன வளக்குதீய அத்தான். குடிக்கத் தண்ணி இல்லன்னா அந்தக் குச்சியவா கடிச்சுத் தின்ன?" என்பார்கள். அண்ணன் நல்ல தண்ணீரில் பாதியும் வீட்டு ஆழ்துளைப் போர்த் தண்ணீரில் பாதியும் கலந்து ஊற்றத் தொடங்கினார்கள். போர்த் தண்ணீரில் உப்பு இருக்குமே என்ற சந்தேகம் அண்ணனுக்கும் வந்தது. அளத்திலிருந்து அந்தக் கண்ணாடிக் குழாயை ஒருநாள் அனுமதி கேட்டுக் கொண்டுவந்து, வாளியில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அது அசையவேயில்லை. கடல்நீருக்கே லேசாக மட்டும் அசைகிற கருவி, வாளித் தண்ணீருக்கா அசையும்? அண்ணனுக்கு அது அப்போது தோன்றவில்லை. "தண்ணியில ஒண்ணுமில்ல. டிகிரி பாத்துட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். தண்ணீர் வீணாகக் கூடாதே என்று ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் இருந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். தினமும் சாயங்காலம் அளவாக, கொஞ்சமாக ஊற்றினார்கள்.

அண்ணனின் மகன் பள்ளிக்கூடம் முடித்தான், கல்லூரி முடித்தான், வேலைக்குப் போய்க் கல்யாணமும் முடித்துவிட்டான். அண்ணன் ஓய்வு பெற்றார்கள். பண்டிகைக்குப் பண்டிகை வெறுங்கையோடு போய், காணிக்கை மட்டும் போட்டுவிட்டு, மேசையில் மற்றவர்கள் வைத்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அது பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பெரிய துன்பங்களையெல்லாம் சத்தமில்லாமல் தாங்கிய மனுஷன், ஒரு பூவுக்காக இப்படி நிற்கிறாரே என்று இருக்கும்.

ஒரு மே மாத விடுமுறைக்கு நான் தூத்துக்குடி போயிருந்தேன். மதினியும் நானும் மாடியில் மோர் மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மதினி ஒரு மிளகாயை வாயில் வைத்துப் பார்த்து, "உப்பு பத்தல" என்றார்கள். கீழே போய் எடுத்து வர அலுப்பு. திரும்பிப் பார்த்த மதினியின் கண்ணில் தொட்டி பட்டது. மண்ணுக்கு மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்கள்.

"அத்தான், இங்கன இருக்கே உப்பு! மொளகாய்க்கு எடுத்துக்கிடட்டா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடியில அடச்சாச்சு. அளந்து அளந்து தண்ணி விட்டாச்சு. வெயிலும் இருக்கு. வேற என்ன வெளையும்? வீட்டு மாடியிலயும் பாத்தி கட்டிட்டீயளே!"

மதினி கேலியாகத்தான் சொன்னார்கள். அண்ணன் எழுந்து வந்து, தாங்களும் விளிம்பை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என்று வரிசையாகப் போனார்கள். பிறகு முக்காலியில் வந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"எஸ்தரு, நான் இத்தன வருசமும் அளத்துலயிருந்து வீட்டுக்கு வரவேயில்ல போலுக்கே" என்றார்கள் என்னிடம்.

மதினிதான் சமாளித்தார்கள். "அதான் இப்ப வந்துட்டீயல்லா. எந்திச்சு ஓட்டையத் தெறங்க" என்றார்கள்.

அந்த வருடத்துப் பண்டிகையை எங்கள் சபையார் மறந்திருக்க மாட்டார்கள். தேங்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அண்ணன் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை வைத்தார்கள். ஏலம் போடுபவர் பிரித்துப் பார்த்துவிட்டு விழித்தார். "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டார். "என் ரோசாத் தோட்டத்துல வெளஞ்சது. மொதலாளி உப்பு இல்ல, என் சொந்த உப்பு. சாப்பாட்டுக்கு ஆகாது" என்று அண்ணன் எழுந்து நின்று சொன்னார்கள். முழுக் கதையையும் தங்கள் வாயாலேயே சொல்லி முடித்தார்கள். ஆலய வளாகமே சிரித்தது. அப்போதிருந்த குருவானவர் அந்தப் பொட்டலத்தைத் தாமே ஏலத்தில் எடுத்துக்கொண்டார். தன் முட்டாள்தனத்தை நாலு பேர் முன்னால் இவ்வளவு நிம்மதியாகச் சொன்ன வேறு மனுஷனை நான் பார்த்ததில்லை. எனக்கு அன்று அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஓட்டைகளைத் திறந்தாயிற்று. தேங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். அது மழையில்தான் கிடைக்கும். உப்பளத்தில் மழை என்றால் வருமானம் போயிற்று, வேலையும் போயிற்று என்று அர்த்தம். ஐப்பசி பிறந்தால் அண்ணன் வானத்தை முறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முறைப்பு போகவில்லை. அந்த ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடி, அண்டா, வாளி, பேரனைக் குளிப்பாட்டுகிற டப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பரப்பி வைத்தார்கள். மதினி குடையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று, "அந்த அண்டாவ நான் தர மாட்டேன், கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு வேணும்" என்று கத்தியதும், அண்ணன் கேட்காதவர்கள்போல நனைந்துகொண்டு நின்றதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பெரிய டிரம் வாங்கி மழைநீரைச் சேமித்தார்கள். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் மதினி தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினார்கள். கேட்டால், "சிங்க்கு அடச்சிருக்கு, அதான்" என்பார்கள்.

செடிகள் பிழைத்தன. ஆனால் உடனே பூந்தோட்டமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தூத்துக்குடி தூத்துக்குடிதானே. பூ வந்தது, சின்னதாக வந்தது, மேல்காற்று காலத்தில் ஓரம் தீய்ந்து வந்தது. பண்டிகை இல்லாத மாதங்களில் பூத்தது. பண்டிகை மாதத்தில் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடம் சரியான நேரத்தில் மொட்டு வந்து, பண்டிகைக்கு முந்தின நாள் அணில் கடித்துப் போட்டுவிட்டது. அன்று அண்ணன் மதியம் சாப்பிடவில்லை. தண்ணீருக்காக அவ்வளவு சண்டை போட்ட மதினி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அந்த அணிலை ஏசித் தீர்த்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணனின் கால் வீங்கத் தொடங்கியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏற்கெனவே உண்டு. சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன, உடம்பில் சேரும் உப்பையும் நீரையும் அவற்றால் வெளியேற்ற முடியவில்லை என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் தொட்டிக்கும் அடியில அடச்சுக்கிட்டுன்னு சொல்லுங்க டாக்டர்" என்றார்கள். மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை. மதினிக்கும் எனக்கும் புரிந்தது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம்.

டயாலிசிஸ் ஆரம்பித்தது. உப்பு அறவே கூடாது, தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகம் என்று அண்ணன் வாய்விட்டுக் கேட்டது குறைவு. ஆனால் டம்ளரைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை மதினியால் தாங்க முடியவில்லை. ஒருநாள் என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், "செடிக்கு ஊத்த ஊத்த நல்லதாம். மனுசனுக்கு ஊத்தக் கூடாதாம். எனக்கு என்ன எழுத்து எஸ்தரு இது?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அண்ணனால் படியேற முடியாமல் போன நாளிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது மதினிதான். யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

சென்ற வருடம் மேல்காற்று ஓய்ந்து மழை தொடங்காத சமயம், ஒரு தொட்டியில் மொட்டு திரண்டிருப்பதை மதினி பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டும் தம்பி அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணன் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே வைத்துக் கொடுத்தார். பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம்போல இருந்தது. மொட்டு விரிந்தது. கருஞ்சிவப்பு. ஓரம் எங்கும் தீயவில்லை, பூச்சி அரிக்கவில்லை. கடையில் வாங்கியது என்று சொன்னால் நம்பிவிடலாம். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மதினி கத்தரிக்கோலோடு போனார்கள்.

"அத்தான், வெட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருவோம். பண்டிகை வரைக்கும் தாங்கும்."

"வேண்டாம்ளா."

"என்ன வேண்டாம்? இதுக்குத்தான இத்தன வருசம் கெடந்து அல்லாடுனீய?"

"செடியில கெடக்கட்டும். நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."

"அப்ப பண்டிகைக்கு?"

"அடுத்தது பூக்கும். நீ கொண்டு போ."

மதினி கத்தரிக்கோலை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார்கள். அந்தப் பூ செடியிலேயே விரிந்து, செடியிலேயே உதிர்ந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்து கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். இதழ் கொட்டிய பிறகும் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டிகை மேசைக்கு அந்த வருடமும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை. அண்ணனுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் எனக்கும் மதினிக்கும்தான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு புதன்கிழமைப் பிற்பகலில், மதினி கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அண்ணன் அமைதியாகக் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டியின் மேல் மாலைகளும் வளையங்களும் குவிந்தன. எல்லாம் ரோஜா. ஓசூர்ப் பக்கமிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிற பூக்கள். மதினி ஒரு மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணியில வளந்தது" என்று மட்டும் சொன்னார்கள்.

அண்ணன் நோயுற்றிருந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன். டயாலிசிஸ் பிரிவின் மருத்துவர்களும், அண்ணனை "தாத்தா" என்றழைத்துக் கதை கேட்ட செவிலியர்களும் எங்கள் நன்றிக்குரியவர்கள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பி எங்களுக்கு இன்னொரு பிள்ளை. ஜெபத்தாலும் உணவாலும் உதவிய சபையாரையும், அண்ணனோடு வேலை பார்த்து அடக்கத்தன்று அந்த வெயிலில் நடந்தே வந்த உப்பளத்துப் பெண்களையும் நாங்கள் மறக்க மாட்டோம். வேலையையும் பார்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் பெங்களூரிலிருந்து வந்துபோன மகனுக்கும் மருமகளுக்கும் கடவுள் நலமருள வேண்டும்.

நன்றியோடு முடித்திருக்கலாம். ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாளே நான் வந்துவிட்டேன். ஜன்னலோரத் தொட்டியில் ஒரே ஒரு மொட்டு, பச்சைக்குள் சிவப்பு லேசாகத் தெரிகிற பருவத்தில் இருந்தது. காலையில் ஆலயத்துக்குப் புறப்படும்போது மதினி கத்தரிக்கோலைத் தேடவில்லை. தொட்டியோடு தூக்கச் சொன்னார்கள். "வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாவல்லா" என்றார்கள். தொட்டி ஆட்டோவில் போய் இறங்கி, பண்டிகை மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது. சபையார் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஏலத்தில் செடியின் முறை வந்தது. துறைமுகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் ஒரு இளம் தம்பதி ஆசையாகக் கேட்டார்கள். வேறு சிலரும் அண்ணன்மேல் உள்ள பிரியத்தில் கேட்டார்கள். ஆனால் அந்தப் பெண் விடவில்லை, மேலே மேலே கேட்டுக்கொண்டே போனாள். ஏலம் போடுபவர் முடிக்கப்போகும் சமயத்தில், மதினி இருந்த இடத்திலிருந்து எழுந்து நேராக அவளிடம் போனார்கள்.

"ஒங்க வீட்டுல என்ன தண்ணிம்மா?"

"போர் தண்ணிதான் ஆன்ட்டி. நல்லா தெளிவா இருக்கும்."

"தெளிவாத்தான் இருக்கும்" என்றார்கள் மதினி. திரும்பி, ஏலம் போடுபவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். "எம் பேருல போடுங்க."

"அக்கா, நீங்க படைச்சத நீங்களே எடுக்கியளா?"

"ஆமா. வேற யாரு கையிலயும் இது பொழைக்காது."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று. மதினி அவள் தோளில் கையை வைத்து, "மழ முடியட்டும், வீட்டுக்கு வா. ஒரு கம்பு வெட்டித் தாரேன். மொதல்ல ஒரு டிரம் வாங்கி வையி" என்றார்கள். பிறகு ஆட்டோவில் தொட்டியை மடியில் ஏற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுச் சேலையெல்லாம் ஈர மண்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த மொட்டு விரியத் தொடங்கியிருக்கிறது. முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் மலர் வளையமோ மாலையோ கொண்டுவர வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொள்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். பூ இருந்தால் பூவைப் பாருங்கள், உதிர்ந்திருந்தால் செடியைப் பாருங்கள். வெட்டித் தரச் சொல்லி மட்டும் யாரும் கேட்க வேண்டாம், மதினி தர மாட்டார்கள்.

அன்புடன்,
தங்கை